குயில் வரும்போது பூக்கும் பூ... வெட்டாமல் விட்டால் பட்டாம்பூச்சி!

பிரிட்டனில் ஏப்ரல் மாதம் குயில் வந்து கூவும் நேரத்தில், ஈரப் புல்வெளிகளில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு காட்டுப்பூ மலரும். பெயரே 'குக்கூ ஃப்ளவர்'. கடுகுக் குடும்பம்தான், நான்கே இதழ்கள், இலையில் லேசான காரம். ஈர நிலங்களில் தண்ணீரை வடித்துவிட்டதில் இதன் இடம் சுருங்கிவிட்டது. இப்போது வீட்டுத் தோட்டங்களும் இதற்குப் புகலிடம்.

வளர்ப்பது சுலபம். குளத்தோரம்போல ஈரம் காயாத மண் போதும். இலையைக் கிள்ளி ஈர மண்ணில் பதித்தாலே குட்டிச்செடி முளைக்கும்.

சிக்கல், பூ முடிந்த பிறகுதான். 'ஆரஞ்சு டிப்' பட்டாம்பூச்சி பூக்காம்பில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். இரண்டு இருந்தால், முதலில் பொரித்த புழு மற்றதைத் தின்றுவிடும் (உடன்பிறப்பு பாசமெல்லாம் கிடையாது!). வெளிறிய முட்டை சில நாள்களில் ஆரஞ்சு நிறமாகும். பச்சைக் காய்களைத் தின்று கொழுக்கும் புழு, கோடையிலேயே பக்கத்துச் செடித்தண்டில் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த வசந்தம்வரை அசையாது.

பூ வாடியதும் புல்வெட்டும் மெஷினை ஓட்டினால் புழு போச்சு. இலையுதிர் காலத்தில் காய்ந்த தண்டுகளை வெட்டிச் 'சுத்தம்' செய்தால் கூட்டுப்புழு போச்சு. செடி அடுத்த வருஷம் மறுபடி பூக்கும்; பட்டாம்பூச்சி இருக்காது. இந்தச் செடியை வளர்ப்பவர்கள், சுற்றியுள்ள ஒரு மூலையையாவது அடுத்த வருஷம் மே மாதம்வரை கத்தரி படாமல் விட்டுவைக்க வேண்டும்.