சொந்த லொறியும் பிறர் பெயரும்

முன்னர் என்னிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவிலே ஒஹையோ மாநிலத்தில் வசிக்கிறார். பத்தாண்டுகளாக ஒரு கொம்பனியிலே சம்பளத்துக்கு லொறி ஓட்டி வருபவர். சென்ற மாதம் அவரிடமிருந்து நீண்டதொரு கடிதம் வந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த 40,000 டொலர் கையில் இருக்கிறதாம். அதை முற்பணமாகக் கட்டிச் சொந்தமாக ஒரு பெரிய லொறி வாங்கி, அதனை ஒரு கொம்பனியுடன் ஒப்பந்தத்தில் இணைத்து ஓட்டலாமா என்பது அவருடைய கேள்வி. மனைவி வேண்டாம் என்கிறாராம். நண்பர்களோ இன்றே வாங்கு என்கிறார்களாம். "கணக்குப் படிப்பித்த தாங்களே இதற்கும் விடை சொல்லவேண்டும்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

லொறியின் சக்கரத்தைக் கையால் தொட்டறியாதவன் நான். ஆயினும் கணக்கு எங்கும் கணக்குத்தானே!

இவ்வேற்பாட்டின் தன்மையை முதலில் வாசகர்கள் அறிந்துகொள்ளவேண்டும். சுமையுடன் 80,000 இறாத்தல் வரை நிறுக்கத்தக்க வாகனம் அது. கடன் சாரதியின் பெயரில் இருக்கும்; கதவிலே விளங்குவதோ கொம்பனியின் பெயரும் அதன் அரசாங்க இலக்கமும். ஒப்பந்தக் காலத்தில் வாகனத்தின் பூரண ஆட்சி கொம்பனியையே சாரும் என்பது அந்நாட்டுச் சட்டம். சுருங்கச் சொன்னால், பசு நம்முடையது; தொழுவம் பிறருடையது.

வரவுக்கு ஓர் எல்லை உண்டு. பத்து மணி நேர ஓய்வின் பின் பதினொரு மணி நேரமே ஒருவர் வாகனம் ஓட்டலாம் என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. செலவுக்கோ அத்தகைய எல்லை இல்லை. ஒரு கலன் டீசலில் ஆறரை மைல் ஓடும் லொறி ஆண்டொன்றில் ஒரு லட்சம் மைல் ஓடினால் ஏறத்தாழ 15,400 கலன் டீசல் வேண்டும். கலனுக்கு ஒரு டொலர் விலை ஏறினால் அவ்வாண்டில் 15,400 டொலர் கூடுதற் செலவாகும். இது வெறும் கற்பனையன்று. 2022 ஜனவரியில் மூன்றரை டொலருக்குச் சற்று மேல் இருந்த டீசல், அவ்வாண்டு ஜூனில் ஐந்து டொலர் எண்பது சதத்தைத் தொட்டது. பின்னர் டீசல் விலை இறங்கியது. ஆனால் அதனோடு சரக்குக் கூலியும் இறங்கிவிட்டது. கூலி உச்சத்தில் இருந்தபோது உச்ச விலைக்கு லொறி வாங்கியவர்கள் தவணை கட்ட இயலாது தவித்தனர்.

ஆகவே என் மாணவருக்குச் சில கேள்விகளை எழுதி அனுப்பினேன். கூலி மைலுக்கு இவ்வளவு என்பதா, வருமானத்தில் நூற்றுக்கு இத்தனை என்பதா? பின்னதாயின், சரக்குக்காரர் கொடுத்த தொகையைக் காட்டும் பட்டியலைப் பார்க்கும் உரிமை சட்டப்படி உமக்கு உண்டு, அதனைக் கேட்டீரா? சுமையின்றி ஓடும் மைலுக்குக் கூலி உண்டா? டீசலுக்கென அறவிடும் மேலதிகக் கட்டணம் முழுவதும் உமக்கு வருமா? எந்தெந்தச் செலவைக் கூலியிற் கழிப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? பத்திரங்களை ஒப்படைத்துப் பதினைந்து நாளுக்குள் பணம் தரவேண்டும். பிணைப் பணத்தை ஒப்பந்தம் முடிந்து நாற்பத்தைந்து நாளுக்குள் திருப்பவேண்டும். இவையும் சட்டமே. கொம்பனிக்காரர் இவற்றுக்கு முகம் சுளிப்பாராயின், அதுவே போதிய விடை.

இன்னொன்றையும் வற்புறுத்தினேன். கொம்பனியே லொறியைத் தவணைக்குக் கொடுத்து, அக்கொம்பனியே வேலையும் கொடுக்கும் ஏற்பாட்டினை அணுகவேண்டாம். வேலையைக் குறைப்பவரும் தவணையைக் கேட்பவரும் ஒருவரேயானால் தப்ப வழி ஏது? இதனை ஆராய அமெரிக்க அரசு அமைத்த குழுவும் அத்தகைய ஏற்பாடுகளைத் தடைசெய்யவேண்டுமென்றே 2025 ஜனவரியில் சிபாரிசு செய்தது.

இறுதியாக, ஒரு நல்ல மாதத்தின் கணக்கை விடுத்து, எஞ்சின் பழுதாகி மூன்று வாரம் லொறி நிற்கும் ஒரு மாதத்தின் கணக்கை மனைவியுடன் அமர்ந்து எழுதிப் பார்க்கும்படி சொன்னேன். பின்னால் வரக்கூடிய இலாபத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழப்பது அறிவுடையார் செயலன்று என்று வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்திலே கூறியிருப்பதையும் நினைவூட்டினேன்.

கடந்த வாரம் பதில் வந்தது. அந்த மாதத்துக் கணக்கில், தவணையும் காப்புறுதியும் வீட்டு வாடகையும் போக, சமையலறைக்கு ஒன்றும் மிஞ்சவில்லையாம். லொறி ஆசையை அவர் கைவிடவில்லை, ஓராண்டு தள்ளிவைத்திருக்கிறார். பழுதுக்கென்று தனியே ஒரு தொகை சேர்ந்த பின்னரே, சிறு கடனில் பழைய லொறி ஒன்றை வாங்குவாராம். "கணக்கை எழுதியவன் நான், சேர், விடையை முதலில் கண்டவள் அவள்" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை வாசித்தபோது, அம்மாணவருக்கு நூற்றுக்கு நூறு புள்ளி இடவேண்டுமென்று எனக்குத் தோன்றியது. துணிவு நல்லதே. ஆனால் வீட்டின் அடுப்பைப் பணயம் வைக்கும் துணிவைத் துணிவென்று சொல்வதற்கில்லை.