வெயிலை அறிந்து வீடு கட்டுவோம்

சித்திரை பிறந்ததும் கதிரவன் யாழ்ப்பாணத் தீவுகளின் நேர் உச்சியில் நிற்கின்றான். சோளகம் எழுந்து வெம்மையை ஆற்றும்வரை புங்குடுதீவு மக்கள் நண்பகலில் வெளியே கால் வைக்க அஞ்சுவர். தொன்றுதொட்டு வரும் வெயில்தான் இது. ஆயினும் மின்சாரம் என்ற சொல்லையே அறியாத நம் பாட்டன்மார் இவ்வெயிலில் வீட்டினுள் அமைதியாக உறங்கினர். இன்றோ விசிறி நின்றால் வீட்டில் இருக்க முடியவில்லை என்ற முறைப்பாடே எங்கும் கேட்கின்றது. உலகின் வெப்பம் ஏறி வருவது உண்மையே. ஆனால் நம் வீடுகளும் மாறிவிட்டன என்பதை மறைத்துப் பயனில்லை.

மின்சாரத்தை மட்டும் நம்பி வெப்பத்தை வெல்லலாம் என்போருக்கு 2022ஆம் ஆண்டு தக்க பாடம் புகட்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டன. பின்னர் கட்டணம் இறங்கியதும் ஏறியதும் உண்டு. ஆனால் நாளை என்ன ஆகும் என்று உறுதி கூறுவார் எவருமில்லை.

பணம் மட்டுமே இங்கு பொருளன்று. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த கதையைத் தமிழ் விவசாயி எவரும் மறந்திருக்க மாட்டார். 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கெட்ட நீரை எத்தீர்ப்பும் இனிதாக்கிவிடாது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மக்கள் டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தமையால், இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையில் காற்று, சூரிய மின் திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அது வரவேற்கத்தக்கதே. எனினும் செலவழிக்காத மின்சாரமே யாவற்றிலும் மலிவான மின்சாரம் என்போம்.

வெயில் உச்சியிலிருந்து விழும் நாட்டில் வெப்பம் பெரும்பாலும் கூரை வழியாகவே நுழைகின்றது. மொட்டைக் கொங்கிறீற்றுத் தட்டு பகல் முழுதும் வெப்பத்தைக் குடித்து, இரவில் உறங்குவோர் தலைமீது அதைக் கக்குகின்றது. தகரக் கூரை நண்பகலிலேயே வீட்டை அடுப்பாக்குகின்றது. பழைய வீடோ பனையோலையாலோ ஓட்டினாலோ வேயப்பட்டு, தாழ்ந்த இறவாரத்தால் சுவருக்கு நிழல் தந்தது. திண்ணையும் விறாந்தையும் வெயிலை வாசலிலேயே நிறுத்தின. நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தால் சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேறியது. இதைக் கட்டியவர்கள் பௌதிகம் படித்தவர்களல்லர். காற்றும் வெயிலும் வரும் வழி அறிந்தவர்கள்.

ஓலைக் குடிசைக்குத் திரும்புக என்று நாம் கூறவில்லை. ஓலையை அடிக்கடி மாற்ற வேண்டும். தீ அச்சமும் உண்டு. ஏழையைக் குடிசையிலேயே இருக்கச் சொல்வது அறமும் ஆகாது. பழைய வீட்டின் அறிவைப் புதிய வீட்டில் புகுத்துக என்பதே நமது கோரிக்கை.

1990களின் தொடக்கத்தில் போரினால் பெயர்ந்த புங்குடுதீவு மக்கள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊரில் வீடு எழுப்புகின்றனர். அவர்தம் ஊர்ப்பற்றைப் போற்றுகின்றோம். ஆனால் குளிர்நாட்டு வீடு வெப்பத்தை உள்ளே காப்பதற்காக அமைந்தது. அதன் பெரிய கண்ணாடிகளையும் இறுக மூடிய அறைகளையும் இங்கே படியெடுத்தால், குளிரூட்டியின்றி அதில் வாழ முடியாது. சுற்றிலும் ஆளுயர மதில் எழுப்பிச் சோளகத்தையும் தடுத்துவிடுகின்றனர். மதிலுக்காகத் தறிக்கப்படும் வேம்பும் பூவரசும் கூலியின்றி நிழல் தந்த காவலர்கள் அல்லவா?

ஆட்சியாளரும் இத்தவறிலிருந்து விலகியவர்களல்லர். 2016இல் வடக்குக் கிழக்கு மக்களுக்கென 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டத்தைக் கொழும்பு அரசு முன்வைத்தது. ஒரு வீட்டின் விலை 21 இலட்சம் ரூபாவுக்கு மேல்! நம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அவ்வீடு ஒவ்வாதென்று தமிழ்ப் பிரதிநிதிகளும் அறிஞர்களும் எதிர்த்தமையால் அத்திட்டம் நிறைவேறவில்லை. தமது வீடு எவ்வாறு அமைய வேண்டுமென்று கூறும் உரிமை அதில் வாழப்போகும் மக்களுக்கே உண்டு என்பதை அந்நிகழ்ச்சி நிலைநாட்டியது.

அவ்வுரிமையைப் பெற்ற நாம் அதற்கேற்ற பொறுப்பையும் ஏற்க வேண்டும். கட்டிய வீட்டுக்கும் வழியுண்டு. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெண்ணிறப் பூச்சோ பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் செல்லும். தெலுங்கானா அரசு 2023இல் இதற்கெனக் குளிர்கூரைக் கொள்கையே வகுத்தது. மேற்குச் சுவருக்குப் பந்தலிட்டுக் கொடி படரவிடலாம். எதிரெதிர்ச் சாளரங்களை மாலையில் திறந்து, பகல் வெம்மையில் மூடலாம். குளிக்கும் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் வேம்பின் அடிக்குத் திருப்பினால் நன்னீர் அருகிய தீவிலும் மரம் வளரும்.

சாதாரண மின்விசிறி 70 வாற்று அளவில் மின்சாரம் கொள்ளும். புதுவகை விசிறிக்கு 30 வாற்று போதும். சிறிய குளிரூட்டியோ 1,000 வாற்று வரை விழுங்கும். விசிறி உடலைக் குளிர்விக்குமேயன்றி அறையைக் குளிர்விக்காது. ஆளில்லா அறையில் அதைச் சுழலவிடுவது வீண். நோயாளர்க்கும் முதியோர்க்கும் குளிரூட்டி தேவைப்படின், 26 பாகையில் நிறுத்துவது சிக்கனம்.

வேலணைப் பிரதேச சபை வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும்போது கூரை, நிழல், காற்றோட்டம் ஆகியவற்றையும் நோக்க வேண்டும். நம் பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் தீவுக்கேற்ற மாதிரி வீட்டு வரைபடங்களை ஆக்கி, எளிய விவசாயிக்கும் கைக்கெட்டச் செய்ய வேண்டும். அடுத்த சித்திரைக்கு முன் ஒவ்வொரு வளவிலும் ஒரு வேம்பேனும் நாட்டப்படுமாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.