காற்றுக்குக் காத்திருந்த ஊரில் இரண்டு நாள்

வார விடுமுறை என்றாலே வீட்டில் லங்காவி, பினாங்கு என்றுதான் பேச்சு எழும். கடலும் வேண்டும், பழைமையும் வேண்டும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடவும் கூடாது என்பவர்கள் இம்முறை தெற்குக் கெடாவுக்கு வண்டியை விடலாம்.

சுங்கைப் பட்டாணியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க்காரர்களுக்கு வேலை நாள். சிலாங்கூரிலிருந்தோ பேராக்கிலிருந்தோ வருகிறவர்களுக்கு அது வசதிதான்.

காலையில் பசியாறிவிட்டு, பீடோங் வழியாக மெர்போக் பக்கம் போனால் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் வரும். அதன் வளாகத்திலேயே புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. 'பத்து பகாட்' என்றால் செதுக்கிய கல். 1930களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இந்தப் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்தனர். பின்னர் அலஸ்டர் லேம்ப் குழுவினர் இந்தக் கோவிலின் அடித்தளத்தை மீண்டும் அடுக்கி நிறுத்தினர். விமானமும் மண்டபமும் இருந்த இடங்களைப் பிள்ளைகளே அடையாளம் காண்பார்கள். அருகில் ஓடை, சுற்றிலும் மர நிழல். அவசரப்படாமல் அரை நாள் இருக்கலாம்.

இங்கே எதற்குக் கோவில்? பதில் ஜெராய் மலையில் இருக்கிறது. 1,217 மீட்டர் உயர மலை, சமவெளியில் தனியே நிற்பதால் கடலில் தொலைவிலிருந்தே தெரியும். அதைக் குறிவைத்து மெர்போக் ஆற்று முகத்துவாரத்துக்குள் வந்த பாய்மரக் கப்பல்கள் உடனே திரும்ப முடியாது. கொண்டுவந்த காற்று வேறு, திரும்ப அழைத்துப்போகும் காற்று வேறு. பருவம் மாறும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். தங்கியவர்களுக்குச் சந்தை வேண்டும், வழிபாட்டு இடம் வேண்டும். அப்படித்தான் இத்துறை வளர்ந்தது.

கடாரம் என்றதும் நமக்கு 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் அனுப்பிய கடற்படைதான் நினைவுக்கு வரும். ஆனால், அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே அவன் தந்தை இராசராசன், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்திருக்கிறான். லெய்டன் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. படை வந்த கதையைச் சொல்லும்போது, இந்த நட்பின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிற்பகல் சுங்கை பத்துவுக்குப் போகலாம். 2009இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு தொடங்கி, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும் செங்கல் கட்டடங்களையும் வெளிக்கொணர்ந்தார்கள். நம் பாட்டன்மார் பால் மரம் சீவிய தோட்டங்கள் இருந்த வட்டாரம்தான் இது. அவர்கள் தினமும் நடந்த மண்ணுக்குள் ஒரு துறைமுகத்தின் கதை புதைந்து கிடந்திருக்கிறது.

இதே வட்டாரத்தில் 11ஆம் எண் சண்டி என்றொரு கோவில் எச்சமும் இருந்தது. இன்று அதைப் பார்க்க முடியாது. தனியார் நிலம்; அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாகவும் பதிவாகவில்லை. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துத் தள்ளிவிட்டார்கள். 2013 இறுதியில் செய்தி வெளிவந்து நாடே கொதித்தது. அதற்கு முன் அப்படியொரு சண்டி இருந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கல்லுக்குக் காவல் இல்லை. ஒரு குடும்பம் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் ஒருவகைக் காவல்தான்.

மாலையில் தஞ்சோங் டாவாய். மீனவர் ஊர். நெத்திலியும் கருவாடும் வாங்கிக்கொண்டு, படகில் அக்கரையிலுள்ள பந்தாய் மெர்டேக்காவுக்குப் போய்க் காற்று வாங்கலாம். அந்த வணிகர்கள் நுழைந்த நீர்வழியைத்தான் நீங்களும் கடக்கிறீர்கள்.

மறுநாள் காலை ஜெராய் மலை. சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கடல். பிள்ளைகளிடம் மெர்போக் ஆற்றைக் காட்டி, கப்பல் எந்த வழியாக வந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். மேலே குளிரும், ஒரு மேல்சட்டையை மறக்க வேண்டாம்.