ஒற்றைக் குதிரை

குதிரை வளர்க்கிறவர்களிடம் எனக்கு விரோதம் இல்லை. குதிரையைத் தனியாக வளர்க்கிறவர்களிடம் உண்டு. கூட்டத்தோடு நின்ற ஒரு ஜீவனைப் பிரித்துக் கொண்டுவந்து, நாலு பக்கமும் வேலி போட்ட கொல்லையில் ஒண்டியாக விட்டுவிட்டு, "ராஜா மாதிரி வைத்திருக்கிறேன்" என்று சொல்லுகிறார்களே, அவர்களோடுதான் எனக்குச் சண்டை.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் என் நண்பர். பெயர் வேண்டாம். விழுப்புரத்தில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற ஒருவரின் கொட்டகையில், நாலு குதிரைகளோடு ஐந்தாவதாக நின்ற வெள்ளைக் குதிரையை அவர் விலை பேசி வாங்கினார். திண்டிவனத்துக்கு அப்பால் அவருக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. பயிர் வைப்பதை நிறுத்தி, புல் வளர்த்து, ஓலைக் கொட்டகை போட்டு, தண்ணீர்த் தொட்டி கட்டி, குதிரையை விட்டார். கொள்ளு உண்டு. லாடம் கட்ட ஆள் வருகிறது. மாட்டு டாக்டர் வந்து பார்க்கிறார். "இதற்கு மேல் என்ன குறை?" என்று கேட்கிறார் நண்பர். குறை ஒன்றுதான். அங்கே இன்னொரு குதிரை இல்லை.

அவர் மூன்று நியாயங்கள் சொன்னார். பழைய கொட்டகையில் மற்றக் குதிரைகள் இதைக் கடித்தன, உதைத்தன. இங்கே போட்டியில்லாமல் வயிறாரத் தின்கிறது. வந்த புதிதில் ராவெல்லாம் கனைத்துக்கொண்டு வேலியோரம் ஓடியது. இப்போது சத்தமே இல்லை, பழகிவிட்டது.

முதல் நியாயத்தைப் பார்ப்போம். குதிரைகள் உதைத்துக்கொள்ளும், வாஸ்தவம். எப்போது உதைக்கும்? இடம் நெருக்கடியாக இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியில் தீனி வைக்கும்போது, முன்பின் பழகாத குதிரையைத் திடீரென்று நடுவில் கொண்டுபோய் விடும்போது. வேலிக்கு இப்பாலும் அப்பாலுமாகச் சில நாள் நிறுத்தி, முகர்ந்து பார்த்துச் சிநேகம் கொள்ள விட்டிருக்கலாம். பின்னங்கால் லாடத்தைக் கழற்றியிருக்கலாம். குதிரைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு குவியல் அதிகமாகப் புல்லைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கலாம். பழகிய கூட்டத்தில் ஒன்று காதை மடக்கிக் காட்டினாலே மற்றது விலகிப் போய்விடும். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள் என்பதற்காகத் தம்பியை ஆயுள் பரியந்தம் கிணற்றடிக் கொட்டகையில் குடிவைக்கிற தகப்பனை நான் கண்டதில்லை.

இரண்டாவது நியாயம், தீனி. குதிரை பயந்த சுபாவமுள்ள பிராணி. ஓடித்தான் அதன் முன்னோர்கள் உயிர் பிழைத்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஒன்று தலையைக் குனிவதே, பக்கத்தில் மற்றொன்று தலையை நிமிர்த்தியிருக்கிறது என்ற தைரியத்தில்தான். உறக்கமும் அப்படியே. குதிரை நின்றுகொண்டு தூங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது அரைத் தூக்கம். முழு உறக்கத்துக்கு அது கீழே படுத்தாக வேண்டும். கூட்டத்தில் சில படுத்தால் ஒன்றாவது நின்று காவல் காக்கும். ஒண்டிக் குதிரைக்கு யார் காவல்?

ஈ மொய்க்கிற வெயில் காலத்தில் இரண்டு குதிரைகள் தலைமாடு கால்மாடாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் வால் மற்றதன் முகத்துக்கு விசிறி. ஒன்றன் பிடரியடியை மற்றொன்று பல்லால் சொறிந்துவிடும். 1993-ல் பிரெஞ்சு தேசத்துக் கமார்க் குதிரைகளை ஆராய்ந்த இரண்டு பேர், அந்த இடத்தைச் சொறிந்துகொடுத்தால் குதிரையின் இதயத்துடிப்பு தணிகிறது என்று அளந்தே எழுதினார்கள். வயிறு நிறைந்தால் போதும் என்கிற நண்பருக்கு இந்தக் கணக்கு எட்டாது.

மூன்றாவது நியாயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கனைப்பது சத்தமல்ல, அழைப்பு. விழுப்புரத்தில் விட்டுவந்த நாலு பேரை அது கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. பதில் வராது என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டது. அதற்கு நண்பர் வைத்த பெயர் "பழகிவிட்டது"! சில குதிரைகள் இந்த நிலையில் மரக்கட்டையைக் கவ்விக்கொண்டு காற்றை விழுங்கும். சில நின்ற இடத்தில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். சில வேலியோரமாகத் தடம் விழுகிற வரையில் நடக்கும். ஒன்றும் செய்யாமல் நிற்கிறதைத்தான் நாம் சாது என்று மெச்சுகிறோம்.

அமெரிக்காவில் ஸீபிஸ்கட் என்று புகழ்பெற்ற பந்தயக் குதிரை ஒன்று இருந்தது. 1936-ல் அது கைமாறி வந்தபோது படபடப்பும் கோபமுமாக இருந்தது. பயிற்சி தந்த டாம் ஸ்மித் அதட்டவில்லை, துணை தேடினார். முதலில் ஓர் ஆட்டை விட்டார். ஸீபிஸ்கட் அதைத் தூக்கி வெளியே எறிந்தது. பிறகு பம்ப்கின் என்ற குதிரையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு அமைதி. 1938-ல் அது வார் அட்மிரலை ஜயித்த கதை உலகப் பிரசித்தம்.

ஸ்விட்சர்லாந்தில் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2008-ல் வந்த விதிப்படி, ஒரு குதிரை இன்னொன்றைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் முடிகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். நம் தேசத்திலும் சட்டம் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் மன்றாடியதன் பலனாக 1960-ல் பிராணிவதைத் தடைச் சட்டம் வந்தது. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் கட்டிப்போடுவது அதில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! சங்கிலியின் நீளத்தைப் பற்றி யோசித்த சட்டம் தனிமையைப் பற்றி யோசிக்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சாத்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 2025-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் குதிரை லாயங்களைப் பாருங்கள், வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்குராஜனையும் அவன் குதிரையையும் நம் ஜனங்கள் இன்னும் பிரித்துப் பேசுவதில்லை. ராஜா வீட்டுக் குதிரைக்கும் அண்டை அயல் இருந்தது. ஏரிக்கரை ஐயனாருக்கு நேர்ந்துகொண்டு மண்குதிரை வைக்கிற குடியானவன்கூட, முன்னே நிற்கிற குதிரைக்குப் பக்கத்தில்தான் தன் குதிரையையும் நிறுத்துகிறான்.

தொற்று நோய் வந்தால் பிரிக்கத்தான் வேண்டும். அது டாக்டர் சொல்லுகிற காரியம், குணமாகிற வரைக்கும். மற்றபடி, "இரண்டு குதிரைக்குத் தீனி போட எனக்குக் கட்டாது" என்பவருக்கு என் பதில் சுருக்கமானது: அப்படியானால் ஒன்றும் வேண்டாம். குதிரை இல்லாமல் ஒரு மனிதன் சௌக்கியமாக இருக்கலாம். குதிரை இல்லாமல் ஒரு குதிரை இருக்க முடியாது.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். பணப்பையோடு போகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள். அதோடு இன்னொன்றையும் பார்க்கட்டும்: கயிற்றைப் பிடித்து நாம் இழுக்கும்போது அது எந்தக் குதிரையைத் திரும்பிப் பார்க்கிறது என்று. அதையும் சேர்த்து விலை பேசுங்கள். முடியாவிட்டால் கயிற்றை விட்டுவிட்டு வீடு திரும்புங்கள்.