கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்கும் முன்

எங்கள் வீட்டு லெப்டொப்புக்கு உம்மா பூவேலைத் துணியில் ஓர் உறை தைத்திருக்கிறார். வேலை முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்கு முன்பே அதற்குள் போட்டு அலுமாரியில் வைத்துவிடுவார். ஒரு பொருளைப் பேணுவதென்றால் மூடி வைப்பதுதான் என்பது எம்மவரின் எண்ணம். உறையில் பிழையில்லை. ஆனால் லெப்டொப்புக்குள் தூசு போவது அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். அடிப்பக்கத் துவாரங்களால் காற்றை இழுத்து, உள்ளிருக்கும் சூட்டை ஏற்றிக்கொண்டு பக்கவாட்டால் வெளியே தள்ளுகிறது அதன் விசிறி. காற்றோடு வருவதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது.

காரைதீவு, மாளிகைக்காடு, கல்முனைப் பக்கத்துக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கச்சான் வீசும் மாதங்களில் காலையில் கூட்டிய விறாந்தை பகலுக்குள் மணலாகிவிடும். மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் கசியும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஜன்னல் கம்பியைத் துருவாக்கும் அதே உப்புத்தான் லெப்டொப்புக்குள்ளும் போகிறது. தூசும் அதனுடன் சேர்ந்து, விசிறிக்கு அருகேயுள்ள மெல்லிய தகடுகளின் இடுக்குகளைப் பஞ்சுபோல் அடைத்துவிடும். சூடு வெளியேறாதபோது இயந்திரம் தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மீறினால் அணைந்துவிடும். நாமோ "வைரஸ் வந்திட்டு" என்கிறோம்.

எங்களுடையதும் அப்படித்தான் அணைந்தது. காக்கா கடைக்குக் கொண்டுபோனார். கடவுச்சொல்லைக் கேட்டார்களாம், ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று நாள் அங்கே கிடந்தது. தூசு தட்டித் தந்தார்கள். தவறு ஏதும் நடந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் தூசு தட்டுவதற்கு என் கடவுச்சொல் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முறைப்படி கேட்டுப் பார்த்தார்கள். பெற்றரி மாற்றுவதற்கென ஒரு லெப்டொப்பைப் பல கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேலைக்குக் கடவுச்சொல் தேவையே இல்லை. ஆனாலும் ஒன்றைத் தவிர எல்லாக் கடைகளும் அதைக் கேட்டன. பிறகு, உள்ளே நடப்பதெல்லாம் பதிவாகும்படி அமைத்த லெப்டொப்களை 16 கடைகளில் திருத்தக் கொடுத்தார்கள். 6 கடைகளில் தனிப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். 2 கடைகளில் பிரதியும் எடுத்திருந்தார்கள். பெண்களுடையது போலிருந்த லெப்டொப்களைத்தான் கூடுதலாகத் துருவியிருந்தார்கள். ஆய்வு 2022இல் வெளிவந்தது. எமது ஊர்த் திருத்துநர்களில் நேர்மையானவர்கள் நிறைய உண்டு. இருந்தாலும் மகளின் படத்தை முகநூலில் போடக்கூடாதென்று கண்டிக்கும் வாப்பாமார், குடும்பப் படங்கள் அத்தனையும் உள்ள பெட்டியைக் கடவுச்சொல்லோடு ஒப்படைத்துவிட்டு வருவது எனக்கு விளங்கவில்லை.

துப்புரவு வேலையை வீட்டிலேயே, அந்த லெப்டொப்பைப் பாவிக்கும் பிள்ளையே செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்து. அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு (உடம்பிலுள்ள நிலைமின் இறங்கட்டும்) தொடங்கலாம். திரைக்கு மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி போதும். அழுக்கு இருந்தால் துணியைச் சற்று நனைக்கலாம். திரையில் நேரே தெளிக்கக் கூடாது. விசைகளுக்கிடையில் மென்மையான தூரிகை. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் அடிமூடியின் ஆணிகளையும் கழற்றலாம். எந்த ஆணி எந்த ஓட்டைக்குரியது என்பதைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வரையாமல் பட்டேன். உள்ளே பெற்றரியின் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும். பிறகு விசிறி சுழலாதபடி ஈர்க்கினால் பிடித்துக்கொண்டு, இறப்பர் ஊதியால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் படிப்பதை விட்டாலே பாதி வேலை குறையும்.

பெற்றரி வீங்கியிருந்தால் மட்டும் கைவைக்க வேண்டாம். குத்துப்பட்டால் தீப்பற்றும். அதற்குக் கடைதான். போகுமுன் படங்களையும் குறிப்புகளையும் வேறிடத்தில் பிரதியெடுத்து, லெப்டொப்பிலிருந்து அழித்துவிட்டு, கடவுச்சொல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

2022 மார்ச்சில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு புதியது வாங்குவது எத்தனை வீடுகளால் முடிகிறது?

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு ஸ்குரூ ட்ரைவர்" என்று மூத்தம்மா கேட்டார். தையல் மெஷினைக் கழற்றி, நூல் தூசைத் தட்டி, எண்ணெய் விட்டு வருபவர் அவர்தான். அந்த மெஷினுக்கு இதுவரை எந்த ஆம்பிளையும் கைவைத்ததில்லை. இதைச் சொன்னபோது சிரித்தார். அடுத்த முறை நான் மூடியைக் கழற்றியபோது, மெஷின் லாச்சியிலிருந்த சின்னத் தூரிகையைக் கொண்டுவந்து தந்தார். உம்மாவும் இப்போது சூடு ஆறிய பிறகுதான் உறையைப் போடுகிறார்.