குடலின் பட்டையைக் காப்போம்

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கெடா மாநிலம் பாலிங் வட்டாரத்தில் நடந்த கொடுமையை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூப்பாங்கில் ஒரு கடையில் லக்சா வாங்கி உண்டவர்களுள் எண்பதுக்கு மேற்பட்டோர் நோயில் படுத்தனர். இருவர் மாண்டனர். சால்மொனெல்லா என்னும் கிருமியே காரணம் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2013-இல், இதே கெடாவில் கல்யாண விருந்தில் பரிமாறிய கோழிக்கறியை உண்டவர்களுள் நால்வர் உயிரிழந்தனர்.

"ஒரு வேளைச் சாப்பாடு ஆளைக் கொல்லுமா?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. "சாப்பாடு சேரவில்லை", "கண்பட்டுவிட்டது" என்று சொல்லி, ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பவர்களும் உண்டு. வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் இந்த அலட்சியம் நீங்கும் என்று கருதுகிறோம். ஆகவே இவ்வாரம் அதையே தலையங்கப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

பால்மரம் வெட்டிய கைகளுக்குப் பட்டையின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. உளி ஆழப் போய் மரத்தைக் காயப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுகிறோம். நம் குடலின் உட்புறத்திலும் அப்படி ஒரு பட்டை இருக்கிறது. ஆனால் அதன் கனம் அந்த 1 மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கிய உயிரணுக்களின் ஒரே ஒரு வரிசை. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே இறுக்கமான பூட்டு. மேலே வழுவழுப்பான சளிப்படலம். உண்ட சோற்றின் சத்தை இந்த வரிசை உள்ளே விடவேண்டும், கிருமியை விடக்கூடாது. இரண்டு வேலையையும் இரவு பகலாகச் செய்து தேய்ந்துபோவதால், மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பழைய அணுக்கள் உதிர்ந்து புதியவை முளைக்கின்றன.

இத்தகைய காவலைச் சால்மொனெல்லா எப்படிக் கடக்கிறது? முதலில் இரைப்பையின் அமிலம் அதை எதிர்க்கிறது. பெரும்பாலான கிருமிகள் அங்கேயே மடிகின்றன. ஆயினும் உணவில் கிருமி ஏராளமாக இருந்தால் ஒரு பகுதி தப்பிச் சிறுகுடலின் கடைப்பகுதியை அடைகிறது. குடற்சுவரில் 'எம் அணுக்கள்' என்று சில உண்டு. குடலில் போவதும் வருவதும் என்ன என்று மாதிரி எடுத்து உள்ளேயிருக்கும் எதிர்ப்புப் படைக்குக் காட்டுவது அவற்றின் வேலை. அந்த வாசல் வழியாகவே கிருமி நுழைந்துவிடுகிறது. மற்ற அணுக்களிடம் அது வேறு தந்திரம் செய்கிறது. தன் உடலிலிருந்து ஊசி போன்ற ஒரு குழலை நீட்டி, அணுவுக்குள் சில புரதங்களைச் செலுத்துகிறது. உடனே அந்த அணுவின் மேற்புறம் அலைபோல் மடிந்து எழுந்து, கிருமியைத் தானே வாரி விழுங்கிக்கொள்கிறது. காவற்காரனே கதவைத் திறந்து கள்ளனை உள்ளே அழைத்த கதை இது!

உள்ளே போன கிருமி ஒரு பைக்குள் ஒளிந்து பெருகுகிறது. அதை எதிர்க்க வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அந்தப் போரில் குடற்சுவர் வீங்கிப் புண்பட்டு நீரைக் கசியவிடுகிறது. காய்ச்சலும், வயிற்று முறுக்கலும், கழிச்சலும் அதன் விளைவே. பெரும்பாலோருக்குச் சண்டை குடலோடு முடிந்து, சில நாட்களில் குணமாகிவிடும். சிலருக்கோ கிருமி குடலைத் தாண்டி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. உயிருக்கு மோசம் வருவது அப்போதுதான். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவுக்காரர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியர்களுள் வயதுவந்தோரில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. ஆதலால் இது நம் வீட்டு விஷயம்.

எல்லாக் கிருமியும் ஒரே வழியில் வருவதில்லை. காலராக் கிருமி சுவரைத் துளைப்பதே இல்லை; மேலே ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்கியே உடல்நீரை வடித்துவிடுகிறது. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஷிகெல்லாவோ எம் அணு வழியாக உள்ளே இறங்கி, பின்புறமிருந்து சுவரைத் தாக்கி, அணுவிலிருந்து அடுத்த அணுவுக்கு நேரே பாய்கிறது. அதற்கு நூறு கிருமிகளுக்குக் குறைவாக இருந்தாலே போதும். கழுவாத கை போதும். சால்மொனெல்லாவுக்குப் பொதுவாக ஆயிரக்கணக்கில் வேண்டும். அந்த ஆயிரங்களைப் பெருக்கித் தருவது பெரும்பாலும் நம் அடுக்களையே.

கணக்குப் பார்ப்போம். வாய்ப்பான சூட்டில் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகிறது. காலை 4 மணிக்குக் கட்டிய சோற்றுப் பொட்டலத்தில் ஒரே ஒரு கிருமி இருந்து, வேலை முடிந்து 11 மணிக்கு அதைப் பிரித்தால், கிருமி இருபது இலட்சத்தைத் தாண்டியிருக்கும்! 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடே கிருமிக்கு உகந்தது. நம் நாட்டு வெயிலும் நிழலும் இரண்டுமே அதற்குள் அடங்கும். ஆதலால் கோழியும் முட்டையும் உள்வரை நன்றாக வேகவேண்டும். பச்சைக் கோழி நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் காய் நறுக்கக் கூடாது. இரவே சமைத்து மறுநாள் பகலில் பரிமாறுவதைக் கோயில் அன்னதானக் குழுவினரும் கல்யாண வீட்டாரும் அறவே விட்டுவிட வேண்டும். ஐந்நூறு பேருக்கு ஆக்கும் அண்டாவில் தவறு நேர்ந்தால் ஐந்நூறு குடும்பத்துக்கும் அது போய்ச் சேரும்.

ஆனால் குற்றம் முழுவதையும் தாய்மார்களின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. கையைக் கழுவு என்றால் தண்ணீர் வேண்டாமா? தோட்டங்களில் நம் முன்னோர் மலேரியாவுக்கும் சீதபேதிக்கும் கொத்துக்கொத்தாக இரையானது, அவர்களுக்குச் சுத்தம் தெரியாததாலா? நல்ல தண்ணீரும் கழிப்பிடமும் கொடுக்கப்படாததாலன்றோ! தோட்டத்தில் குடியிருப்பு தரும் முதலாளி, போதிய குழாய்நீரை இலவசமாக வழங்கவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் விதிக்கிறது. இது சலுகையன்று, உரிமை. குழாயில் தண்ணீர் வராத லயம், கழிவு தேங்கும் கால்வாய், ஓட்டையான தொட்டி இவற்றைக் கண்டால், தோட்டக் கமிட்டியினர் தேதியிட்டு எழுத்தில் நிர்வாகத்துக்குக் கொடுக்கவேண்டும். பதில் இல்லையேல் தொழிலாளர் இலாகாவுக்குப் போகவேண்டும். இன்று பல லயங்களில் குடியிருப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். அவர்களுக்காகவும் நாம் பேசவேண்டும். ஒரே குழாயில் குடிப்பவர்களுள் அந்நியர் யார்?

நோய் கண்டுவிட்டால் என் செய்வது? 1971-இல் வங்கப் போரின்போது, போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகாலனோபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. நோயுற்ற குடலும் சர்க்கரையோடு சேர்ந்த உப்பை ஏற்கும், அதன் பின்னே நீரும் செல்லும் என்பதே இதன் சூட்சுமம். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அளவு தவறக்கூடாது. அடிக்கடி, சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல், மயக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். குழந்தையோ முதியவரோ நீரிழிவுக்காரரோ ஆனால், அந்த அடையாளங்களுக்காகவும் காத்திராதீர். கழிச்சலை அடைக்கும் மாத்திரையையும் கிருமிக்கொல்லி மருந்தையும் டாக்டரைக் கேளாமல் வாங்கி விழுங்கவேண்டாம். ஒரே விருந்தில் உண்ட பலர் படுத்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் சுகாதார இலாகாவுக்கு அன்றே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அடுத்த வீட்டுப் பந்தியைக் காக்கும்.

தோழர்களே! மரத்தின் பட்டையைக் காயப்படுத்தினால் நிர்வாகம் நம்மைக் கேட்கிறது. தொழிலாளியின் குடலில் உள்ள பட்டையைக் காயப்படுத்தும் அசுத்த நீரைப்பற்றி நாம் நிர்வாகத்தைக் கேட்கவேண்டும். அடுக்களையில் நம் கடமையைச் செய்வோம். குழாயடியில் நம் உரிமையைக் கேட்போம். பாலிங்கில் மாண்ட இருவரும், கல்யாணப் பந்தியில் உண்டு மாண்ட நால்வரும் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.