வான்வெளிக்கும் வேலியா?

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்கான நேர்வழித் தொலைவு சுமார் 7,800 கி.மீ. 2022 பிப்ரவரி வரை அதைக் கடக்க ஒன்பதரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. இப்போது ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது. இரு நகரங்களும் இடம் மாறவில்லை. இடையிலுள்ள ரஷிய வான்வெளி மூடப்பட்டதே காரணம்.

உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் ரஷிய விமானங்களுக்குத் தடை விதித்தது. மறுநாளே, 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷியா தனது வான்வெளியை மூடியது. சைபீரியா வழியே ஆசியாவை விரைவாக அடைவதையே தனது பலமாகக் கொண்டிருந்த ஃபின்னேர் நிறுவனம், இன்று வடதுருவத்தின் மீது பறந்தோ, தெற்கே வளைந்தோ டோக்கியோவை அடைகிறது. 1983-இல் அந்த நிறுவனம் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோதும், சோவியத் வான்வெளியைத் தவிர்த்து வடதுருவ வழியில்தான் பறந்தது. பனிப்போரின் முடிவு ஈட்டித்தந்த நேரத்தை இன்னொரு போர் பறித்துக்கொண்டுவிட்டது.

சுற்றுவழி என்றால் கூடுதல் எரிபொருள், கூடுதல் விமானிகள், குறைவான சரக்கு. இந்தச் சுமை எல்லோருக்கும் சமமாகவும் இல்லை. சீன விமானங்கள் இன்றும் ரஷியா மீது பறக்கின்றன. பயண நேரம் கூடியதையும் ஒரு காரணமாகக் கூறி, விர்ஜின் அட்லாண்டிக் நிறுவனம் 2024-இல் லண்டன் - ஷாங்காய் சேவையைக் கைவிட்டது.

நமக்கும் இது அந்நியமானதல்ல. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் பரஸ்பரம் வான்வெளியை மூடின. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி - வாஷிங்டன் நேரடிச் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியது. விமானங்களின் புனரமைப்புப் பணியுடன் வான்வெளி மூடலையும் அது காரணமாகச் சுட்டிக்காட்டியது.

தன் வான்வெளி மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்கிறது 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம். பயணிகள் விமானங்கள் கடந்துசெல்ல வகைசெய்யும் தனி உடன்பாடும் அதே ஆண்டில் உருவானது. ரஷியா அதில் இணையவில்லை. சட்டத்தின் துணை இருந்தாலும் தீர்வு எளிதல்ல. 2017-இல் அண்டை நாடுகள் வான்வெளியை மூடியபோது கத்தார் எழுப்பிய புகார் சர்வதேச நீதிமன்றம் வரை சென்றது. 2020-இல் நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், 2021 ஜனவரியில் ஏற்பட்ட அரசியல் சமரசமே வழியைத் திறந்தது.

போர்ப் பகுதியின் வான்வெளியை மூடுவது அவசியம். 2014-இல் கிழக்கு உக்ரைனில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் உயிரிழந்தது கற்பித்த பாடம் அது. ஆனால், ஒரு நாட்டின் விமானத்துக்கு மூடப்பட்டு, மற்றொரு நாட்டின் விமானத்துக்குத் திறந்திருக்கும் வான்வெளியைப் பாதுகாப்பின் பெயரால் நியாயப்படுத்த இயலாது. அது தண்டனை. அதை அனுபவிப்பவர்களோ பகைக்குத் தொடர்பில்லாத பயணிகள். இத்தகைய தடைகளுக்குக் காரணம் கூறுவதையும் கால வரம்பு விதிப்பதையும் கட்டாயமாக்க, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு முன்வர வேண்டும்.